தொட்டால் நின்றுவிடும்

தோ பாயோ, சிங்கப்பூர்
20 அக்டோபர் 2024, ஞாயிறு

முக்கிய அறிவிப்பு.

சிங்கப்பூர், தோ பாயோ, பதினோராம் மாடி வாடகை வீட்டின் வரவேற்பறையில் இன்று காலை பத்து நாற்பதுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று திறந்துவைக்கப்பட்டது. தலைமை: மாஸ்டர் கேலப், வயது பதினைந்து. முன்னிலை: தந்தை அருளானந்தம், லிஃப்ட் பராமரிப்புப் பொறியாளர், ஆங் மோ கியோ. ரிப்பனுக்குப் பதிலாக பிளாஸ்டிக் உறை கிழிக்கப்பட்டது. வாழ்த்துரை வழங்க வேண்டிய தாய் பிரிஜட் அவர்கள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. விழா இனிதே முடிந்தது. திரையில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

அன்புள்ள ஜெனிவீவ் அக்கா, மடத்துக்கு வரும் கடிதங்களை முதலில் பிரித்துப் படிப்பவர் உங்கள் பயிற்சித் தலைவி சிஸ்டர் செரினா என்று அப்பா சொன்னார். ஆகவே, சிஸ்டர் செரினா அவர்களுக்கு என் பணிவான வணக்கம். நான் நல்ல பையன். கீழே வருவதையெல்லாம் மன்னித்துவிட்டுப் படியுங்கள்.

டிவி ஏன் வாங்கினோம் தெரியுமா? உங்கள் மடத்துக் கோயிலில் நடக்கும் சனிக்கிழமைப் பூசையை நம் ஊர் கத்தோலிக்கச் சேனல் ஒன்று நேரலையாகக் காட்டுகிறது என்று அப்பாவுக்கு யாரோ சொன்னார்கள். நீயும் நவதுறவிகளோடு நின்று பாடுவாயாம். அப்பா அன்றைக்கே டிவிக்குச் சொல்லிவிட்டார். சேனலுக்கு என்ன வழி என்று யோசிக்கவில்லை. லிஃப்டை வாங்கிவிட்டுக் கட்டடத்தைத் தேடும் ஆள் நம் அப்பா.

நேற்று மூவரும் கேபிள் கம்பெனிக்குப் போனோம். அதன்பின் தேக்கா சந்தையில் மீன் வாங்கலாம் என்று சொன்னதால்தான் அம்மா வந்தார். கவுண்டரில் குமரன் என்று சட்டையில் பெயர் குத்திய அண்ணன். "தமிழ்ச் சேனல் பேக் இருக்கு அங்கிள். ரெண்டு வருஷ கான்ட்ராக்ட். ஒங்க பாஸ் எப்ப முடியுது?" என்றார். "மார்ச்சுல" என்றார் அப்பா. "அப்ப புது பாஸ் வந்ததும் வாங்க லா, ஈசியா முடிச்சிடலாம்."

இந்த ஊரில் எதற்கும் பாஸ் வேண்டும், அக்கா. அப்பாவுக்கு வேலை பாஸ். அப்பாவை நம்பி இருப்பதால் எனக்கும் அம்மாவுக்கும் ஒரு பாஸ். டிவி பார்க்கவும் பாஸ். கணக்கில்தான் என்னால் பாஸ் ஆக முடியவில்லை.

நான் இந்த ஜோக்கைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா பேசினார். அன்று முழுதும் அவர் பேசிய முதல் வாக்கியம்.

"ரெண்டு வருஷமா? இன்னும் ரெண்டு வருஷம் இங்க இருக்கப்போறோம்னு இந்தத் தம்பிகிட்ட யாரு சொன்னா?"

சொல்லிவிட்டு வெளியே போய் எஸ்கலேட்டர் பக்கம் நின்றுகொண்டார். உனக்கு ஒரு விஷயம் தெரியாது. நாங்கள் இங்கே வந்து பதினாறு மாதம் ஆகிறது. அம்மா தன் பெரிய பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் பூட்டியபடி கிடக்கிறது. வேண்டிய புடவையை மட்டும் எடுப்பார், மறுபடி பூட்டுவார்.

போகட்டும். அந்தத் தமிழ் பேக்கிலும் நம் சேனல் இல்லை. பிறகு தேக்காவில் சுஹைப் பாயின் போன் கடை. அலமாரி அகலம்தான் கடை. பாய் உள்ளே நின்றால் வாடிக்கையாளர் வெளியே நிற்க வேண்டும். "பாய், எல்லாச் சேனலும் வர்ற பொட்டி இருக்கா?" என்றேன். "அதெல்லாம் சட்டப்படி தப்பு லா தம்பி, நான் தொடறதில்ல. என்ன சேனல் வேணும்?" சொன்னேன். பாய் சிரித்தார். "இந்தச் சேனலா? இதைப் போன வருஷமே ஒரு அக்கா வந்து கேட்டாங்க. அந்தச் சேனலுக்குன்னே ஆப் இருக்கு. ஆனா இந்திய நம்பர் வேணும், அதுக்குத்தான் ஓடிபி வரும். ஒரு நேரத்துல ஒரு கருவியிலதான் ஓடும்." எல்லாக் கடைக்காரருக்கும் இப்படி ஓர் 'அக்கா' இருப்பார். நான் நம்பவில்லை. அம்மா மீன் பையோடு தெருவில் நின்று எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் மூவரிடமும் இந்திய நம்பர் இல்லை. உன் பழைய நம்பர் உயிரோடு இருக்கிறதா? இருந்தால் ஓடிபியைத் தபாலில் அனுப்பு. அது பத்து நிமிடத்தில் காலாவதியாகிவிடும், உன் கடிதம் வர பதினோரு நாள் ஆகும். மீதி நேரத்தை சிஸ்டர் செரினா ஜெபித்து ஈடுகட்டட்டும்.

கேபிள் இல்லாத வீட்டிலிருந்து,
கேலப்


நவதுறவகம், திண்டுக்கல்
3 நவம்பர் 2024

கிறிஸ்துவில் அன்புள்ள தம்பி,

மரியே வாழ்க!

சிஸ்டர் செரினா உன் கடிதத்தை நின்றபடியே படித்தார். லிஃப்ட் வரியில் சிரித்துவிட்டார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, "ஒங்க தம்பிக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லி என்னிடம் நீட்டினார். ஓடிபிக்காக ஜெபிக்க மாட்டாராம்.

என் நம்பரை மறந்துவிடு. நீங்கள் கிளம்பிய அன்று திருச்சி விமான நிலையத்தில் என் போனை அப்பா கையில் கொடுத்தேனே, நவதுறவிக்குப் போன் கூடாது என்று. ரீசார்ஜ் செய்யாத சிம் எத்தனை நாள் இருக்கும்? அது செத்து ஒரு வருடம் ஆகியிருக்கும்.

அந்த நாளைப் பற்றி நாம் பேசியதே இல்லை. நீ அப்போது தள்ளுவண்டியில் ஏறி விளையாடிக்கொண்டிருந்தாய். இருபத்தொரு வயதுக்குள் வந்தால் எனக்கும் பாஸ் கிடைக்கும், ஒரு வருடமாவது எங்களோடு இருந்துவிட்டு மடத்துக்குத் திரும்பிப் போ என்று அம்மா எவ்வளவோ கேட்டார். நான் முடியாது என்றேன். இப்போது நினைத்தால் இன்னும் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். "அப்ப சரி. இனி உன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார். வழக்கமாக நெற்றியில் போடும் சிலுவையைக்கூடப் போடவில்லை. அதன்பின் ஒரு வரி எழுதவில்லை.

விஷயம் இதுதான். பிப்ரவரி 2 அன்று எங்கள் ஏழு பேருக்கும் முதல் வார்த்தைப்பாடு, துறவற வாக்குக் கொடுக்கும் சடங்கு. ஒவ்வொருத்தியின் பெயரையும் கூப்பிடுவார்கள். "இதோ இருக்கிறேன்" என்று சொல்லி எழுந்து பீடத்துக்குப் போக வேண்டும். அதற்குப் பின் பெற்றோர் வந்து நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிப்பார்கள். உங்கள் வீட்டிலிருந்து யார் வருவார்கள் என்று எங்கள் மடத்தின் தலைவி மதர் கேட்டார். அப்பாவுக்கு விடுப்பு இல்லை என்றேன். அம்மாவைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பெற்ற தாய் மனத்தாங்கலோடு இருக்க, நான் போய் அங்கே மண்டியிட முடியாது, கேலப். அம்மா என்னை ஒரு முறை பார்த்தாலே போதும், டிவியிலாவது. பார்த்துவிட்டார் என்று தெரிந்தால் பெயர் கொடுப்பேன். இல்லையென்றால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். டிசம்பர் ஐந்துக்குள் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை காலை ஆறு மணிப் பூசை, உங்களுக்கு எட்டரை. மூன்றாம் வரிசை, இடது ஓரம். தூண் பாதி முகத்தை மறைக்கும்.

நான்கு வாரத்துக்கு ஒரு கடிதம்தான் எழுதலாம். தாள் முடிந்துவிட்டது.

ஜெனிவீவ்


தோ பாயோ
16 நவம்பர் 2024, சனி

அக்கா! வெற்றி! வெற்றி! மூன்றாவது வெற்றியை இடமில்லாததால் விட்டுவிட்டேன்.

என் வகுப்பு உமைர் அவன் வீட்டில் சும்மா கிடந்த பெட்டி ஒன்றைக் கொடுத்தான். தீப்பெட்டிக்கு அண்ணன் மாதிரி இருக்கும். உள்ளே தொள்ளாயிரம் சேனல். துருக்கியில் சமையல், பிரேசிலில் மாட்டுச் சந்தை. தேடித்தேடி உங்கள் சேனலைப் பிடித்துவிட்டேன். பொறியாளர் அருளானந்தத்தால் ஆகாததை அவர் மகன் ஒரே மாலையில் முடித்தான் என்பதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

இன்று காலை எட்டரை. அப்பா வேலைக்குப் போய்விட்டார். டிவியைப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். பாட்டுச் சத்தம் கேட்டு அம்மா வந்தார். நின்றார். மூன்றாம் வரிசை, இடது ஓரம், தூணுக்குப் பக்கத்தில் அரை முகம்.

"அவளா அது? இளைச்சிட்டா."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு டிவி கிட்டே போய், கட்டைவிரலால் திரையில் உன் நெற்றியில் ஒரு சிலுவை போட்டார், அக்கா. நான் ரொட்டியை மென்றுகொண்டே பார்த்தேன்.

நீ தைரியமாகப் பெயரைக் கொடு. இதைப் பற்றி அம்மாவுக்கு எழுதாதே, கூச்சப்படுவார். அப்பாவிடமும் சொல்லாதே. அவருக்கு ஆச்சரியமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
சிங்கப்பூரின் தலைசிறந்த டிவி நிபுணன்


நவதுறவகம்
1 டிசம்பர் 2024

டேய் கேலப்,

மரியே வாழ்க! மரியே வாழ்க! இரண்டு தரம்.

உன் கடிதத்தை மற்ற ஆறு பேருக்கும் படித்துக் காட்டினேன். கட்டைவிரல் வரிக்கு வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டேன். மீதியை சிஸ்டர் செரினா வாங்கிப் படித்தார். மூக்கைச் சிந்திவிட்டு, ரொட்டியை மெல்லும்போது பேசக்கூடாது என்று உனக்கு எழுதச் சொன்னார். நீ பேசவில்லை, பார்க்கத்தான் செய்தாய் என்றேன். அதுவும் கூடாதாம்.

அம்மா நான் இளைத்துவிட்டேன் என்றாரா? மூன்று கிலோ ஏறியிருக்கிறேன். தாய்க் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்போல.

இன்று காலையே மதரிடம் பெயர் கொடுத்துவிட்டேன்.

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. கிறிஸ்துமஸ் வரை கடிதம் கிடையாது. அம்மாவுக்கு உடம்பு சுகம்தானே?

உன் அக்கா


நவதுறவகம்
29 டிசம்பர் 2024

கேலப்,

கிறிஸ்துமஸ் அன்று அப்பாவோடு ஐந்து நிமிடம் போனில் பேச மதர் அனுமதித்தார். அப்பாவிடம் சொல்லாதே என்று நீ எழுதியதை அதுவரை காப்பாற்றினேன். ஆனால் சந்தோஷத்தில் வாய் தவறிவிட்டது.

"அப்பா, அம்மா என்ன டிவியில பாத்தாங்களாமே."

 "எந்த டிவிம்மா? அது வாங்குன நாள்லேர்ந்து சும்மாதானே நிக்குது. கேலப் ஏதோ பொட்டி கொண்டுவந்தான். ஒரு பாட்டுச் சேனல் வந்துச்சு, அதுவும் நின்னுபோச்சு" என்றார் அப்பா.

மீதி நான்கு நிமிடமும் நாங்கள் வானிலை பேசினோம்.

உன் வேடிக்கை எனக்குத் தெரியும். சின்ன வயதில் என் ஜாமெட்ரி பாக்ஸில் ஓணானை வைத்தவன் நீ. ஆனால் இது ஓணான் இல்லை. அந்தக் கட்டைவிரலை நீ எங்கிருந்து எடுத்தாய்? பள்ளிக்குப் போகும்போது அம்மா நம் இருவர் நெற்றியிலும் போடுவாரே, அதை எடுத்துத்தானே எழுதினாய்? அதை எடுக்க உனக்கு எப்படி மனம் வந்தது? நான் ஒரு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தத் தூணை விட்டு அரை அடி தள்ளி நின்று பாடினேன், அம்மாவுக்கு முழு முகம் தெரியட்டும் என்று. யாருமே பார்க்காத முகத்தை!

மதரிடம் என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். ஜனவரி முடியும்வரை யோசி என்கிறார்.

பதில் எழுத வேண்டாம்.

ஜெ.


தோ பாயோ
10 ஜனவரி 2025

அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். சிஸ்டர் செரினா கிழித்துப் போட்டாலும் அவராவது படித்திருப்பார்.

அன்றைக்கு டிவியை நான் போட்டது உண்மை. தொள்ளாயிரம் சேனலும் உண்மை. அதில் உங்கள் சேனல் இல்லை. அம்மா வந்து திரையைத் தொட்டதும் உண்மைதான். கையில் துணி இருந்தது. தூசி துடைத்தார்.

அவர் துடைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு அப்படித் தெரிந்தது. அவ்வளவுதான். அதை எழுத ஆரம்பித்தால் நடந்துவிடும்போல இருந்தது.

இங்கே எப்படி என்று உனக்கு யாரும் எழுதுவதில்லை. அப்பா ஏழு மணிக்கு வருவார், காலணியைக் கழற்றுவார், "சாப்பிட்டியா" என்பார். "ம்" என்பார் அம்மா. எதிர்வீட்டு டிவி எங்கள் வீட்டில் கேட்கும். அவ்வளவு அமைதி. நான் பேசாவிட்டால் இந்த வீட்டில் கரண்ட் போய்விட்டது என்று ஆட்கள் நினைப்பார்கள். அதனால் பேசுகிறேன். சில நேரம் பேச ஒன்றும் இருக்காது, அப்போது ஏதாவது செய்து சொல்கிறேன். உனக்கும் அப்படித்தான் எழுதிவிட்டேன்.

கோபப்படு. ஆனால் பெயரை எடுக்காதே. பிப்ரவரி 2 பகல் பன்னிரண்டரை மணிக்கு அம்மா எங்கள் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். அதற்கு நான் பொறுப்பு. உன் செத்த நம்பரைக் கூட எழுப்பி ஓடிபி வாங்குவேன்.

கேலப்


நவதுறவகம்
23 ஜனவரி 2025, விரைவுத் தபால் (மதரின் தனி அனுமதியோடு)

கேலப்,

உன் கடிதத்தை சிஸ்டர் செரினா கிழிக்கவில்லை. இரண்டு நாள் தன் ஜெபப் புத்தகத்தில் வைத்திருந்து கொடுத்தார்.

நான் போகிறேன். மதர் சொன்னது இது: "ஒங்க தம்பி பொய்யை நம்பிப் பெயர் குடுத்தீங்க, சரி. அந்தப் பொய்யைக் காரணம் காட்டித் திரும்பவும் எடுக்காதீங்க." அம்மா இடத்தில் சிஸ்டர் செரினா நின்று ஆசீர்வதிப்பார். அப்பாவுக்கு எழுதிவிட்டேன்.

ஆனால் என் மனம் அமைதியாக இல்லை, அதை மறைக்க மாட்டேன். இந்த வார்த்தைப்பாடு ஓர் ஆண்டுக்குத்தான். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். உங்கள் கேபிள்காரரைவிட எங்கள் சபை தாராளம் என்று நீ சொல்வாய். நானே சொல்லிவிட்டேன், விடு. அடுத்த வருடம் நான் மறுபடி எழுந்து நிற்பேனா என்பது எனக்குத் தெரியவில்லை. "இதோ இருக்கிறேன்" என்று சொல்லும்போது அம்மா அதைக் கேட்டாரா என்ற கேள்வியோடு ஒரு வருடம் முழுக்க என்னால் இருக்க முடியாது.

ஆகவே நீ ஒரு வேலைதான் செய்ய வேண்டும். எதையும் ஏற்பாடு செய்யாதே. யாரையும் உட்காரவைக்காதே. அம்மா பார்த்தாரா இல்லையா என்று உண்மையை மட்டும் எழுது. இல்லை என்றாலும் தாங்கிக்கொள்வேன். இன்னொரு பொய்யைத் தாங்க மாட்டேன்.

ஜெனிவீவ்


தோ பாயோ
2 பிப்ரவரி 2025, ஞாயிறு மாலை

அன்புள்ள சிஸ்டர் ஜெனிவீவ் அக்கா (இனி மரியாதை கூடிவிட்டது),

அம்மா பார்த்தார்! இது பொய் இல்லை, சாட்சிக்கு அப்பா ஓரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எல்லாம் என் சாமர்த்தியம். செத்துப்போன உன் நம்பரை ஹேக் செய்து உயிர்ப்பித்தேன், ஓடிபியைக் காற்றிலிருந்து பறித்தேன், அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்த அம்மாவை ஒரே பட்டனில் வெளியே வரவைத்தேன்.

இந்தப் பத்தியைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். அப்பாவின் கையெழுத்தும் அதே பக்கத்தில் இருக்கிறது. உண்மை கீழே.

போன ஞாயிறு அம்மா கடைக்குப் போயிருந்தபோது, டிவியில் அந்த ஆப்பைத் திறந்து, சும்மாதான், உன் பழைய நம்பரைப் போட்டேன். 'ஓடிபி அனுப்பப்பட்டது' என்றது. அனுப்பிக்கொள், யாருக்கு வரப்போகிறது என்று நினைத்தேன். அறைக்குள்ளிருந்து டிங் என்று ஒரு சத்தம்.

கட்டிலுக்கு அடியில், அக்கா. அம்மா பிரிக்காத பெட்டிக்குள்ளிருந்து. அன்று பூட்டு பூட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டுப் புடவைக்கு நடுவில் உன் போன், மூலையில் அந்தோணியார் ஸ்டிக்கர், தொண்ணூற்றிரண்டு சதவீதம் சார்ஜ். எண்களைக் குறித்துக்கொண்டு, மெசேஜை அழித்துவிட்டு, அப்படியே வைத்துவிட்டேன். ஹேக் என்று மேலே எழுதியிருப்பது இதைத்தான். மகளின் ஞாபகத்துக்குப் போனை வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். செத்த சிம்முக்கு எப்படி மெசேஜ் வரும் என்று யோசிக்கவில்லை. இத்தனைக்கும் நான் நிபுணன்.

இன்று மத்தியானம் அம்மா தலைவலி என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். யாரையும் உட்காரவைக்காதே என்று நீ எழுதியிருந்ததால் நான் கூப்பிடவில்லை. அப்பாவும் நானும் கூடத்தில். பன்னிரண்டரைக்கு டிவியைப் போட்டால், 'புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன்' என்று இருபது நிமிடம் வட்டம் சுற்றியது. அப்பா நகம் கடித்தார். அவர் நகம் கடித்து நான் பார்த்ததில்லை. கடைசியில் ஆப் திறந்து, ஒரு கேள்வி கேட்டது: 'இந்தக் கணக்கு இப்போது வேறொரு கருவியில் ஓடுகிறது. அதை நிறுத்திவிட்டு இங்கே தொடரலாமா?'

"எதுடா அது, வேற கருவி?" என்றார் அப்பா.

"சும்மா கேக்கும்பா, எல்லா ஆப்பும் இப்படித்தான்" என்று சொல்லி, ஆம் என்பதை அழுத்தினேன்.

அறைக்கதவு திறந்தது. அம்மா கையில் உன் போன். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததே இல்லை.

"யாருடா என் பூசைய நிறுத்துனது? இப்பத்தான்டா அவ பேரக் கூப்பிட்டாங்க!"

நானும் அப்பாவும் எழுந்து நின்றுவிட்டோம். டிவியில் இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றி நின்றபோது நீ ஏற்கெனவே பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாய்.

அம்மா உட்காரவில்லை. சோபாவின் முதுகைப் பிடித்தபடி கடைசிவரை நின்றுதான் பார்த்தார். சிஸ்டர் செரினா வந்து உன் நெற்றியில் சிலுவை போட்டாரே, அப்போது, "அந்தம்மா ஏன் பூ மாதிரித் தொடுது? அழுத்திப் போடணும்" என்றார். (சிஸ்டர், இதை நான் சொல்லவில்லை.) பிறகு என்னை இழுத்து என் நெற்றியில் போட்டார். எலும்பு வரைக்கும் போட்டார். "இது அவளுக்கு. தபால்ல போகாது, நீ வாங்கி வச்சுக்க" என்றார். வைத்திருக்கிறேன். வந்து வாங்கிக்கொள்.

எல்லாம் முடிந்தபின் அப்பா மெதுவாகக் கேட்டார். "எத்தன நாளா பிரிஜட்?"

"இங்க வந்த மூணாம் வாரத்துலேர்ந்து. அந்த சுஹைப் தம்பிதான் ஆப் போட்டுக் குடுத்துச்சு. இருபத்தெட்டு நாளைக்கு ஒருக்கா ரீசார்ஜும் அதுதான் பண்ணும்."

பாய் சொன்ன அந்த 'அக்கா' அம்மாதான். நாங்கள் சேனலைத் தேடி அலைந்தபோது மீன் பையோடு எதிர்ப்பக்கம் பார்த்து நின்றதும் அதனால்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா வேலைக்குப் போனபின், நான் பத்து மணி வரை தூங்கும்போது, உன் போனில் உன்னைப் பார்த்திருக்கிறார். நான் தூங்குவதை இந்த வீட்டில் யாரும் திட்டாததற்கு இப்போதுதான் காரணம் தெரிகிறது.

"அவகிட்ட ஏன் சொல்லல?" என்றார் அப்பா.

"முகத்துல முழிக்க மாட்டேன்னு சொன்னேன்ல? நான்தான் அவளப் பாத்தேன், அவ என்னப் பாக்கலயே. சொன்ன சொல்லு அப்படியேதான் இருக்கு." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மொத தடவ பாத்தப்ப நெத்தியில சிலுவை போடப் போனேன். தொட்டதும் படம் நின்னுபோச்சு. திரும்ப ஓட வைக்கத் தெரியல. அதுலேர்ந்து தொடறதில்ல. நவம்பருக்கு அப்புறம் தூண விட்டுத் தள்ளி நிக்கிறா, நல்லாத் தெரியுது. கொஞ்சம் சதை போட்டிருக்கா."

நான் உனக்குக் கட்டிவிட்ட பொய்யை அம்மா எனக்கு ஒரு வருடம் முன்னாலேயே செய்து முடித்திருக்கிறார். நான் சொந்தமாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருக்கிறது.

இப்போது அம்மா பெட்டியைப் பிரித்துப் புடவைகளை அலமாரியில் அடுக்குகிறார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

உண்மையை மட்டும் எழுது என்றாய். அம்மா எல்லாவற்றையும் பார்த்தார், நீ "இதோ இருக்கிறேன்" என்று சொன்னதைத் தவிர. உன் பெயரைக் கூப்பிட்டது அவருக்குக் கேட்டது. நீ வாயைத் திறப்பதற்குள் நான் ஆம் என்று அழுத்திவிட்டேன். அம்மா தன் பூசை நேரலையைத் தானே ஏற்பாடு செய்து, இருபது மாதம் ஒரு குறையில்லாமல் நடத்திவந்தார். மூன்று மாதம் பெருமையடித்த டிவி நிபுணன் அதில் செய்த ஒரே வேலை, சரியாக அந்த நொடியில் அதை நிறுத்தியது.

இன்னும் ஒன்று. சற்று முன் அம்மா சமையலறையிலிருந்து கேட்டார். "கேலப், அவ சத்தமாச் சொன்னாளாடா? ஒனக்குக் கேட்டுச்சா?"

நல்லாச் சத்தமாச் சொன்னாம்மா, கோயிலே அதிர்ந்துச்சு என்று சொல்லிவிட்டேன்.

எனக்கும் கேட்கவில்லை, அக்கா.

கேலப்